எண்ணும் இசைவும்

வாகன உறுப்புகளைத் தேர்ந்து பொருத்தி ஓட்டும் கணினி விளையாட்டாகிய பீம்என்ஜி டிரைவ் 2013இல் வெளிவந்தது. அதன்கண் இயந்திரத்தின் முறுக்குவிசை, அடிச்சட்டத்தின் எடை, உறுதி யாவும் எண்களாக எழுதப்பட்டுள்ளன. ஆடுவோர் அவற்றைத் திருத்தலாம். அத்திருத்தமும் ஒருவகைப் படைப்பே. ஆயின், முறுக்குவிசையை மட்டும் பெருக்கி நிறைவுறுவோர் பலர். அதனால் சக்கரங்கள் வழுக்கிச் சுழல்கின்றன. மிகுந்த வேகத்தைப் பழைய பிரேக்கால் உரிய தொலைவில் அடக்க இயல்வதில்லை.

எண்ணுக்கும் இசைவுக்குமுள்ள உறவை விளக்கும் சான்று பெரியநீலாவணைக்கு அணித்தே உண்டு. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழைக் கணக்கினால் மீட்டு, 1947இல் யாழ் நூலாகத் தந்தார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கின் அதிர்வெண் இரட்டிக்கும். ஒரு நரம்பு பிறழின் பண்ணே கெடும். வாகனத்திற்கும் இஃது ஒக்கும். விசையைக் கூட்டியவர் பிரேக்கையும் சக்கரத்தையும் அதற்கேற்பத் திருத்தினாரா என்பதே திறனாய்வாளர் முதற்கண் வினவத்தக்கது.