ஊசி இறங்கும் நேரம்

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்த காலம். காதுகுத்து வீட்டில் ரேடியோ செட்காரர் வந்திறங்கினால், பந்தலைவிட அவர் பெட்டியைச் சுற்றித்தான் கூட்டம். 1976-இல் இளையராஜாவின் முதல் படம் ‘அன்னக்கிளி’ வந்தது. அதன் ஏழு அங்குல இ.பி. தட்டு, பளபளக்கும் கறுப்பு அப்பளம். நிமிடத்துக்கு 45 சுற்று. மறந்துபோய் 33-இல் வைத்தால் ஜானகியம்மா ஆண்குரலில் இழுப்பார்! கீறல் விழுந்த தட்டில் ஊசி துள்ளாமலிருக்க, அதன் தலையில் ஒரு நாலணா. எனக்குப் பிடித்தது பாட்டுக்கு முந்தைய அந்த இரண்டு நொடிதான்: வேப்பமரத்துக் குழாய் ஸ்பீக்கரில் கடுகு பொரிவதுபோல் ஒரு சடசடப்பு. சாம்பார் வாளியோடு போகிறவரும் அதற்கு நின்றுவிடுவார்.