எலுமிச்சையும் மாட்டுப் பல்லும்

பொள்ளாச்சி நண்பர் ஒருவர், 'ஒன்றரை லட்சத்துக்குள்ள பழைய ஆல்ட்டோ ஒண்ணு வாங்கலாமுங்களா?' என்றார். எனக்கு ஜார்ஜ் அக்கர்லாஃப் ஞாபகம் வந்தது. பழைய கார் சந்தை பற்றிய அவர் கட்டுரையை மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. 1970-ல் ஒருவழியாக வெளியானது. 2001-ல் நோபல் பரிசில் பங்கு வாங்கித் தந்தது. தலைப்பில் 'எலுமிச்சை' வரும். அமெரிக்கக் கொச்சையில் ஓட்டை வண்டி.

வாதம் எளிது. வண்டியின் குறை விற்பவருக்குத்தான் தெரியும். வாங்குபவர் பயந்துபோய் சராசரி விலைதான் கேட்பார். நல்ல வண்டிக்காரர் 'கட்டுப்படியாகாது' என்று விலக, சந்தையில் ஓட்டைகள் மிஞ்சும்.

பிரமாதமான கட்டுரை. ஒரே குறை, அதில் வாங்குபவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பொள்ளாச்சி சந்தையில் மாடு வாங்குபவர் அப்படியா நிற்கிறார்? பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார்.

காருக்குப் பல், கிலோமீட்டர் கணக்கு அல்ல. அதைத் திருப்பி வைத்துவிடலாம். சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது; ஒரு கும்பிடு போட்டுத் திரும்பிவிடுங்கள். ஆர்.சி.யின் 15 வருஷத்தில் எத்தனை பாக்கி, கடன் தீர்ந்ததா, பாருங்கள். மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்கட்டும்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இது உங்கள் சேமிப்பு.