விதியும் விலக்கும்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கும் ஆரோக்கியப் புத்தகங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் ஒரு பத்திரிகை ஆசிரியர் மூன்று புத்தகங்களை ஒன்றாகக் கட்டித் தபாலில் அனுப்பி, "ஒரு நாவலாசிரியர் இவற்றைப் படித்தால் என்ன நினைப்பார் என்று அறிய வாசகர்கள் ஆவலாக இருக்கிறார்கள்" என்று ஒரு கடிதமும் வைத்திருந்தார். வாசகர்களுடைய ஆவலைப் பற்றிப் பத்திரிகை ஆசிரியர்கள் சொல்வதை நான் அப்படியே நம்பிவிடுவதில்லை. ஆனாலும், டாக்டர் என் இரத்தத்தில் சர்க்கரையின் அளவைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்த வாரம் அது. ஆகையால் படித்தேன்.

மூன்றும் ஒரே புத்தகந்தான், அட்டைதான் வேறு. விடியுமுன் எழுந்திரு, வெந்நீர் குடி, பல்லை இரண்டு வேளை துலக்கு, அரைமணி நேரம் நட, எண்ணெயைக் குறை, கீரையைக் கூட்டு, கவலைப்படாதே, பத்து மணிக்குப் படு. இவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. நானே இப்போது காலையில் நடக்கிறேன். நடந்த நாளில் உடம்பு சொன்னபடி கேட்கிறது, நடக்காத நாளில் முனகுகிறது. ஆகவே அந்தப் புத்தகங்கள் சொல்லும் சங்கதியோடு எனக்குத் தகராறு இல்லை. சொல்லுகிற தோரணையோடுதான் தகராறு.

பக்கத்துக்குப் பக்கம் 'நீங்கள், நீங்கள்' என்று வருகிறதே, அந்த 'நீங்கள்' யார்? பாத்திரங்களைத் தேடி அலைவது என் தொழில். ஆகவே அந்த ஆசாமியைத் தேடினேன். அவர் வீட்டில் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருகிறது. அவருக்கு ராத்திரி ஷிப்டு கிடையாது. படுக்கையில் விழுந்த தாயார் கிடையாது. மூன்றாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு நாலாவது வீட்டுக்கு ஓடவேண்டிய அவசியம் கிடையாது. அவருக்கு இருக்கும் ஒரே குறை சோம்பல். அதை உதறிவிட்டால் நூறு வயசு நிச்சயம். இப்படிப்பட்ட கதாநாயகனை நான் ஒரு நாவலில் படைத்திருந்தால் விமர்சகர்கள் என்னைச் சும்மா விட்டிருப்பார்களா?

இந்தப் புத்தகங்களுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. நோயாளி என்றால் விதியை மீறியவன், ஆகவே குற்றவாளி என்பதே அது. யாரும் அப்படி வாய்விட்டு எழுதுவதில்லை. ஆனால் படித்து முடித்தவன் பக்கத்து வீட்டு நோயாளியைப் பார்க்கிற பார்வையில் அது தெரிந்துவிடும்.

இந்த ரகப் புத்தகம் தமிழுக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று ஆசாரக்கோவை. பெருவாயின் முள்ளியார் பாடியது, நூறு வெண்பா. எப்போது கண் விழிப்பது, எப்படிப் பல் துலக்குவது, எந்தெந்தச் சமயத்தில் தலைமுழுகுவது, எந்தத் திசை பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவது, இனிப்பை முதலிலும் கசப்பைக் கடைசியிலும் உண்பது என்று ஒரு மனுஷனுடைய இருபத்துநாலு மணி நேரத்தையும் பிடித்துக் கட்டிப்போட்ட நூல். காலேஜில் இரண்டு வருஷம் படித்ததோடு என் படிப்பு நின்றது. அந்த இரண்டு வருஷத்தில் இதை ஒரு தரம் புரட்டி, 'பாட்டியின் தொணதொணப்பு' என்று மூடி வைத்தேன். இப்போது அந்த மூன்று புத்தகங்களுக்குப் பிறகு மறுபடியும் எடுத்தேன்.

அதன் குறையை முதலில் சொல்லிவிட வேண்டும். நீராட வேண்டிய பத்துச் சமயங்களை அடுக்கும் இடத்தில், கீழ்மக்கள் என்று அது கருதுகிறவர்களின் உடம்பு தன்மேல் பட்டுவிட்ட சமயத்தையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அழுக்கைக் கழுவச் சொன்ன வாயே மனுஷனையும் அழுக்கு என்று சொல்லிவிட்டது. சுத்தத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு எப்போதும் பக்கத்திலேயே வெட்டியிருக்கும் பள்ளம் இது. வீட்டைப் பெருக்கிய துடைப்பத்தாலேயே ஊரைப் பெருக்கக் கிளம்பிவிடுவது! இந்த இடத்தைக் காலத்தின் கோளாறு என்று பூசி மெழுக நான் தயாரில்லை.

ஆனால் அதே நூலில் இரண்டு இடங்கள் என்னை நிறுத்திவிட்டன. ஒன்று, சாப்பாட்டு விதி. விருந்தாளி, முதியவர், பசு, பறவை, குழந்தை இவர்களுக்கு உணவு கொடுத்த பிறகுதான் நல்லவர்கள் உண்பார்கள் என்கிறது. என் தட்டில் எத்தனை கலோரி என்று கணக்குப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்துத் தட்டில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுகிற ஆரோக்கியப் புத்தகம் இது. மற்றொன்று, கடைசி வெண்பா. தொண்ணூற்றொன்பது பாட்டில் விதிகளைச் சொல்லிவிட்டு, நூறாவது பாட்டில் முள்ளியார் யார் யாருக்கு இவை பொருந்தா என்று பட்டியல் போடுகிறார். அந்நிய தேசத்தான், வறியவன், முதியவன், சிறுவன், உயிரிழந்தவன், அஞ்சியவன், உண்டுகொண்டிருப்பவன், அரச காரியத்தைத் தலைமேல் ஏற்றவன், மணமகன் என ஒன்பது பேர். இவர்கள் ஆசாரத்திலிருந்து விடுதலை பெற்றவர்கள்.

எனக்கு இந்தப் பட்டியலின்மேல் ஒரு மோகமே உண்டாகிவிட்டது. மணமகனையும் பயந்தவனையும் ஒரே வரிசையில் உட்கார வைத்த குறும்பை விடுங்கள். சட்டம் போட்ட கையாலேயே சட்டத்துக்கு ஒரு வாசலும் வைத்தாரே, அதுதான் விஷயம். ஏழையையும் கிழவனையும் 'நீ ஏன் இப்படி இல்லை?' என்று கேட்க உனக்கு உரிமை இல்லை என்று சொல்லி நூலை முடிக்கிறார். என் மேஜைமேல் இருந்த மூன்று புத்தகங்களின் கடைசிப் பக்கங்களையும் புரட்டினேன். ஒன்றில் அன்றாட உணவு அட்டவணை. மற்ற இரண்டில் அதே ஆசிரியர்களின் வேறு நூல்களுக்கு விளம்பரம்.

திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரமும் இப்படித்தான் முடிகிறது. முன்னே உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணச் சொல்லி ஆரம்பத்தில் எல்லாப் பொறுப்பையும் நம் தலையில் வைத்த வள்ளுவர், கடைசியில் வைத்தியம் என்பது நாலு கால் உள்ளது என்கிறார். நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவன். அந்த நாலாவது ஆளை மறக்காததில்தான் இருக்கிறது பெரிய மனசு.

இந்தக் காலத்து நூல்களில் காந்திஜியின் 'ஆரோக்கியத் திறவுகோல்' எனக்குப் பிடித்தது. புனாவில் ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது, 1942-ம் வருஷம் ஆகஸ்டு கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடித்தார். காற்று, தண்ணீர், ஆகாரம், காபி, புகையிலை, மண், வெயில் என்று சின்னச் சின்ன அத்தியாயங்கள். அதைத் தொடங்குவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால், ஆகஸ்டு 15-ந் தேதி, மகாதேவ தேசாய் அதே மாளிகையில் இறந்திருந்தார். அந்தத் துக்கத்தின் நடுவே ஒருவர் உட்கார்ந்து பச்சைக் காய்கறியைப் பற்றி எழுதுகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவருடைய கண்டிப்பு பல இடங்களில் எனக்கு ஒத்துவராது. காபி விஷயத்தில் நான் அவருடைய கட்சி இல்லை. ஆனால் ஆறு வருஷம் பால் குடிக்காமல் இருந்ததையும், பிறகு நோயில் விழுந்து ஆட்டுப்பாலுக்குத் திரும்பியதையும் ஒளிக்காமல் சொல்லுகிறார். தான் தோற்ற இடத்தைச் சொல்லுகிறவனை நம்பலாம். என் மூன்று ஆசிரியர்களும் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

இவ்வளவையும் மனசில் போட்டுக்கொண்டு சென்ற தை மாதம் பாப்பாரப்பட்டிக்குப் போனேன். தருமபுரி ஜில்லாவில் உள்ள ஊர். அங்கே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் நெடுநாளைய வாசகர். வயசில் மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். காலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து வைத்தாள். முப்பது வயசிருக்கும். அண்ணா ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, அவள் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வெட்கம் என்று நினைத்தேன். அவள் போனபிறகு அண்ணா மெதுவாக ஆரம்பித்தார்.

"தம்பி, உங்க பழைய கதை ஒண்ணுல ஒரு பியூன் வருவானே, அவனைப் பத்தி ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன்."

"கேளுங்க அண்ணா."

"அவனுக்குப் பல்லெல்லாம் காவி. பல் துலக்கியே அறியாத சோம்பேறின்னு எழுதியிருந்தீங்க. அவனுக்கு எந்த ஊரு?"

"தருமபுரிப் பக்கம்னு எழுதின ஞாபகம்."

"அப்படின்னா அவன் தினம் துலக்கியிருப்பான் தம்பி. எங்க பக்கத்துல எல்லாரும் நல்லாத்தான் துலக்குவோம்."

அவ்வளவுதான் சொன்னார். கோபம் இல்லை. கூழை எடுத்துக் குடித்தார்.

இந்தப் பக்கத்துப் பாறையில் ஃப்ளோரைடு என்கிற உப்பு இருக்கிறது. அது நிலத்தடி நீரில் கரைந்து கிணற்றிலும் போரிலும் ஏறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை. ஈறுக்குள் பல் உருவாகிற குழந்தைப் பருவத்தில் இந்த எல்லையைத் தாண்டிய தண்ணீரைக் குடித்தால், பல்லின் மேற்பூச்சே பழுதாகி, வரிவரியாகக் கறையேறி வெளியே வருகிறது. வேப்பங்குச்சியானாலும் சரி, விலையுயர்ந்த பற்பசையானாலும் சரி, அதைத் தேய்த்துப் போக்க முடியாது. அளவு மிஞ்சி வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். என்னுடைய மூன்று புத்தகங்களும் சொல்லுகிறபடி தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவுதான் ஏறும். விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவனுக்கு இங்கே கிடைக்கிற பரிசு அது!

இதற்குப் பரிகாரம் தனிமனுஷன் கையில் இல்லை. காவேரித் தண்ணீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ம் வருஷம் அடிக்கல் நாட்டினார்கள். 2013-ம் வருஷம் தொடங்கிவைத்தார்கள். ஜப்பானியக் கடன் வாங்கிச் செய்த காரியம். பல் துலக்குவதைப் பற்றி ஆயிரம் புத்தகம் செய்யாததை ஒரு குழாய் செய்யும். குழாயில் தண்ணீர் வராத நாளில் பழைய போரைத்தான் தேடிப் போகிறோம் என்று அண்ணா சொன்னார்.

சாயங்காலம் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்துக்குப் போனோம். 1908-ம் வருஷம் வ.உ.சி.யோடு கைதாகி, 1912-ல் விடுதலையானவர். உள்ளே போனபோது திடகாத்திரமான வாலிபர். வெளியே வந்தபோது சிறை கொடுத்த தொழுநோயும் கூடவே வந்தது. தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று தடை. ஆகவே நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஆரோக்கியத்துக்காக நடக்கிற நம்மைப் போன்றவர்கள் அந்த நடையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாரத மாதாவுக்குக் கோயில் கட்டவென்று இந்த ஊரில் இடம் தேடினார். 1923-ம் வருஷம் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி இங்கேயே கண்ணை மூடினார். வயசு நாற்பது, இன்றைக்கு என்னைவிட இளையவர்.

அந்த மனிதர் எந்த விதியை மீறினார்? தொட்டமாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை அது என்பது இன்று நமக்குத் தெரியும்; 1980-களிலிருந்து கூட்டு மருந்தால் அது முழுக்கக் குணமாகிறது. ஆனால் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற சட்டப்பிரிவை எடுக்க 2019-ம் வருஷம் வரை ஆயிற்று. நோய் குணமானபிறகும் தீர்ப்பு குணமாக நாளாகிறது. ஒரு சிறையிலே ஆரோக்கியத்தைப் பற்றிப் புத்தகம் பிறந்தது. இன்னொரு சிறையிலே ஆரோக்கியமே போயிற்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமையாகும்.

ஊருக்குத் திரும்பியதும் ஆசிரியருக்கு எழுதினேன். மூன்று புத்தகங்களும் நல்லவையே. அவற்றில் சொன்னபடி வசதியுள்ளவர்கள் எல்லோரும் நடக்கலாம், நான் நடக்கிறேன். ஆனால் மறுபதிப்பில் ஒவ்வொன்றிலும் கடைசியில் ஒரு தாள் சேர்க்கச் சொல்லுங்கள், முள்ளியார் சேர்த்தமாதிரி, யாருக்கெல்லாம் இது பொருந்தாது என்று. அப்படியே, பொருந்தாதவர்களுக்குப் பொருந்தும்படி செய்யவேண்டியவர்கள் யார் என்பதையும் ஒரு வரியில் போடச் சொல்லுங்கள்.

அதன்பிறகு என் பழைய கதைத் தொகுதியை எடுத்தேன். அதுவும் மறுபதிப்புக்குப் போக இருந்தது. அந்தப் பியூன் வருகிற பக்கத்தைத் தேடி, 'பல் துலக்கி அறியாத' என்ற மூன்று சொற்களையும் அடித்தேன். காவிப் பல்லை அப்படியே விட்டுவிட்டேன். அது அவனுடையது. சோம்பேறித்தனந்தான் என்னுடையது.