செசேரின் கல்கத்தா, பாரதியின் பிஜி

பிரெஞ்சு இலக்கியம் என்றதும் நம் வாசகர்களுக்குப் பாரிஸ்தான் நினைவுக்கு வரும். 1980இல் வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் வந்த ‘அந்நியன்’ திறந்துவிட்ட வாசல் அது. அந்த வாசல் வழியாகத்தான் நானும் உள்ளே போனேன். ஆனால் பிரெஞ்சு பேசும் இன்னொரு உலகம், கரீபியக் கடலில் கிடக்கும் மார்த்தினிக், குவாதலூப் தீவுகள், என் போன்ற காரைக்கால்காரனுக்குப் பாரிஸைவிட நெருக்கம்.

1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853இல் ‘ஒரேலி’ என்ற கப்பல் பாண்டிச்சேரியிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை மார்த்தினிக்கில் கொண்டு இறக்கியது. அடுத்த ஆண்டு குவாதலூப்பிலும் இறக்கியது. 1880களில் இது நின்றுபோகும்வரை மார்த்தினிக்குக்கு ஏறக்குறைய 25,000 பேர், குவாதலூப்புக்கு 42,000 பேர் போயிருக்கிறார்கள். பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் அதில் கணிசம்.

இந்தத் தீவுகளை இலக்கியத்தை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. கோயில், அடுப்படி, நீதிமன்றம் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கணும். மாரியம்மன் அங்கே ‘மரியேமன்’. மதுரைவீரன் ‘மால்தெவிதான்’. அங்கத்து மசாலாக் கறிக்குப் பெயர் ‘கொலம்போ’. அது நம்ம குழம்புதான் என்று சொல்வாரும் உண்டு. குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம் (1863–1952), இந்திய வம்சாவளியினருக்கு வாக்குரிமை கேட்டு 1904இல் தொடங்கிய வழக்கு, 1923இல்தான் குடியுரிமையில் முடிந்தது. ஒரு ஓட்டுக்கு இருபது வருஷம்!

இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஏமே செசேரிடம் போனால் ஓர் இடத்தில் இடறுகிறது. 1939இல் வெளியான அவரது நெடுங்கவிதை ‘சொந்த மண்ணுக்குத் திரும்புதலின் குறிப்பேடு’, உலகத்தின் ஒடுக்கப்பட்டவர்களை எல்லாம் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அதில் ஓர் இந்தியனும் வருகிறான். எந்த ஊர்க்காரன்? கல்கத்தாக்காரன். செசேர் பிறந்ததோ மார்த்தினிக்கின் வடகரை ஊரான பாஸ்-புவாந்த்தில். தமிழ்க் கூலிகளின் வழித்தோன்றல்கள் நிறைந்த ஊர் அது. கைக்கெட்டும் தூரத்தில் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களை விட்டுவிட்டு அவர் கவிதை கல்கத்தாவுக்குப் போகிறது.

செசேரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ‘கரும்புத் தோட்டத்திலே’ எழுதிய பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்தது புதுச்சேரியில். கூலிகளைக் கப்பலேற்றிய அதே கரை. அவர் அழுதது பிஜித் தீவுப் பெண்களுக்காக. காரணம் ஊகிக்கக்கூடியதே. பிரெஞ்சுக் கப்பல்கள் நின்று இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பிஜியோ அன்றைய தேசியப் போராட்டத்தின் நடப்புச் செய்தி. இரண்டு பேருமே பெருங்கவிகள். இரண்டு பேரின் கருணையும் பொய்யில்லை. ஆனால் கருணைக்குக்கூடப் பத்திரிகைச் செய்தி வழிகாட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பியவர் பாஸ்-புவாந்த்துக்குப் பக்கத்து ஊரான லொரேனில் பிறந்த ரஃபாயெல் கோன்ஃபியான். 2004இல் வந்த ‘நரியின் வயிறு’ நாவலில் தமிழ்க் குடும்பம் ஒன்றை நடுவில் வைத்தார். 1989இல் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, நாங்கள் ஐரோப்பியரும் அல்ல, ஆப்பிரிக்கரும் அல்ல, ஆசியரும் அல்ல, கிரியோல்கள் என்று அறிவித்தவர் அவர். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. எல்லோரும் கலந்த குழம்பு என்பது கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ‘கூலி’ என்ற சொல் அங்கே வசவாக இருந்த காலத்தை அந்தக் கலவை சீக்கிரம் கரைத்துவிடக் கூடாது. நாவல் அதைக் கரைக்காமல் வைத்திருப்பதாலேயே, கொள்கை அறிக்கையைவிட அது பெரியது.

எங்க ஊர் பட்டினச்சேரிக்கு மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் வருவார். மீனவர்களுக்கு அவர் மாப்பிள்ளை. அந்தச் சம்பந்தம் எந்தக் காலத்திலோ நடந்தது, இன்னும் மறக்கலை. சைகோன் போய்ப் பணத்தோடு வந்தவர்கள், பிரெஞ்சுப் பென்சன் வாங்கிய சொல்தாக்கள் பற்றியும் காரைக்கால் பக்கம் கதை கதையாய்ச் சொல்வார்கள். கரும்புக்குப் போனவர்களைப் பற்றி ஒரு சொல் நான் கேட்டதில்லை. திரும்பி வந்தவர்களைத்தான் ஊர் நினைவில் வைத்துக்கொள்கிறது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

காரைக்காலில் பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கோன்ஃபியானை மொழிபெயர்க்க உட்கார்ந்தால், அந்தப் பிரெஞ்சுக்குள் நம்ம ஊர்ப் பெயர்கள் எழுத்துமாறிக் கிடப்பதைப் பார்ப்பார். அவற்றைத் திரும்பத் தமிழில் எழுதுவதே நல்ல விமர்சனமாக இருக்கும்.