இதழ்க் கட்டுரைகளும் அவற்றின் அட்டவணையும்

நூலகத்திலே நூலைத் தேடுதல் எளிது. இதழினுள்ளே பொதிந்து கிடக்கும் கட்டுரையைத் தேடுதலோ அரிது. நூலகப் பட்டியல் இதழின் பெயரைக் கூறுமேயன்றி அதன் உள்ளுறையைக் கூறாது. பாமன்கடையிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழக நூலகம் செல்லும் மாணவன், கட்டுரையின் தலைப்பை அறிந்திருப்பினும், இதழின் ஆண்டும் தொகுதியும் அறியானாயின், ஏடு புரட்டியே பொழுதைக் கழிப்பான்.

இக்குறை தீர்க்க உழைத்தவர் அந்நூலகத்தின் நூலகராய் விளங்கிய எச். ஏ. ஐ. குணதிலக்க ஆவர். 1970 முதல் 1983 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அவரது இலங்கை நூல்விபரப் பட்டியல், நூல்களோடு இதழ்க் கட்டுரைகளையும் பொருள்வாரியாக வகுத்துக் காட்டுகின்றது. கட்டுரையையும் நூலோடொப்ப மதித்தமையே அதன் தனிச்சிறப்பு. ஆயினும், அதன் எல்லை மேனாட்டு மொழிகளோடு நின்றுவிட்டது. சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் 'செந்தமிழ்' இதழில் எழுதியவற்றைத் தேடுவோனுக்கு அது வழிகாட்டாது.

இது சிறு குறையன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. ஏடு அழியினும் அட்டவணை எஞ்சுமாயின், மற்றொரு படியை வேறிடத்தில் தேடலாம். அட்டவணையும் இன்றேல், இழந்தது யாதென்பதும் தெரியாது. ஆதலின், தமிழிதழ்க் கட்டுரைகளுக்கும் அத்தகைய பட்டியல் வகுத்தலே குணதிலக்கவின் பணியை நிறைவு செய்வதாகும்.