கசிந்த பாட்டும் கடைக்கு வந்த பாட்டும்

கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் ‘சைனீஸ் டெமாக்ரசி’ ஆல்பம் 2008 நவம்பர் 23 அன்று அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதற்கு முன் அந்தக் குழு சொந்தப் பாடல்களோடு கடைசியாக வெளியிட்டவை, 1991 செப்டம்பரில் ஒரே நாளில் வந்த ‘யூஸ் யுவர் இல்லூஷன்’ ஆல்பங்கள் இரண்டும்தான். நடுவே 1993இல் வந்தது பிறருடைய பாடல்களை எடுத்துப் பாடிய தொகுப்பு. 17 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு வந்தும், புதிய ஆல்பத்தின் 14 பாடல்களில் பெரும்பாலானவை தீவிர ரசிகர்களுக்கு அன்றே மனப்பாடமாக இருந்தன. சிலவற்றை மேடையில் கேட்டிருந்தார்கள். மற்றவை டெமோக்களாகக் கசிந்து கைமாறியிருந்தன. ஆகவே அவர்களில் பலர் அன்று புதுப் பாட்டுக் கேட்க உட்காரவில்லை, ஒப்பிட உட்கார்ந்தார்கள். ராக் இசையில் இத்தகைய ஒப்பீட்டுக்கு இவ்வளவு சரக்கு வைத்திருக்கும் ஆல்பங்கள் மிகக் குறைவு.

இந்த நிலைமை உருவானதற்குக் குழுவின் உடைவே காரணம். கிதார் கலைஞர் ஸ்லாஷ் 1996இலும், பேஸ் வாசித்த டஃப் மெக்கேகன் 1997இலும் விலகினார்கள். பெயரோடு எஞ்சியவர் பாடகர் ஆக்ஸல் ரோஸ். பழைய ஆட்களில் கீபோர்டு வாசிக்கும் டிஸ்ஸி ரீட் மட்டும் உடன் நின்றார். ரோஸ் புதிய ஆட்களைச் சேர்த்தார். நைன் இன்ச் நெயில்ஸிலிருந்து ராபின் ஃபிங்க் வந்தார், ரீப்ளேஸ்மென்ட்ஸிலிருந்து டாமி ஸ்டின்சன் வந்தார். வெள்ளை முகமூடியும் தலையில் கோழி வறுவல் வாளியுமாக மேடையேறும் பக்கெட்ஹெட் 2000இல் சேர்ந்து 2004இல் போனார். தயாரிப்பாளர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள்: யூத், ஷான் பீவன், குயீன் குழுவின் புகழ்பெற்ற ஆல்பங்களைத் தயாரித்த ராய் தாமஸ் பேக்கர் என்று. 2005இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் இந்த முடியாத ஆல்பத்துக்கு 1.3 கோடி டாலர் செலவாகிவிட்டதாக எழுதியது. ஆட்கள் போனாலும் அவர்கள் வாசித்தவை நாடாக்களில் தங்கின. வந்தவர்கள் அதன்மேல் வாசித்தார்கள்.

அந்த நாடாக்கள் தவணை தவணையாக வெளியே வந்தன. 2001 புத்தாண்டு நாளில் லாஸ் வேகஸிலும், அதே மாதம் ரியோ டி ஜெனிரோவின் பெருந்திருவிழாவிலும் குழு சில புதுப் பாடல்களை வாசித்தது. 2003இல் ‘ஐ.ஆர்.எஸ்.’ என்ற பாடலின் முதிராத பிரதி ஒன்று நியூயார்க் வானொலியில் ஒலித்தது. அதை நிலையத்துக்குக் கொண்டுவந்தவர் மெட்ஸ் பேஸ்பால் அணியின் நட்சத்திரம் மைக் பியாஸா. 2006 பிப்ரவரியில் ‘பெட்டர்’, ‘கேட்சர் இன் தி ரை’, ‘ஐ.ஆர்.எஸ்.’, ‘தேர் வாஸ் எ டைம்’ ஆகிய நான்கும் சேர்ந்து கசிந்தன. மறு ஆண்டு இன்னும் சில. 2008 ஜூனில் ஒரே மூச்சில் ஒன்பது பாடல்கள். அந்தக் கடைசிக் கசிவுக்குக் காரணமானவர் கைதாகி, நன்னடத்தைக் கண்காணிப்பும் வீட்டுக்காவலும் தண்டனையாகப் பெற்றார்.

டெமோ என்றதும் பாயில் உட்கார்ந்து ஒற்றைக் கிதாரோடு முணுமுணுத்த பதிவை நினைத்தால் இங்கே பொருந்தாது. இவை முழு வசதியுள்ள ஸ்டுடியோக்களில், தேர்ந்த கைகளால் பல ஆண்டுகள் செதுக்கப்பட்டவை. வேறு குழுவாக இருந்தால் அப்படியே வெளியிட்டிருக்கும். எனவே ஒப்பீடும் கரடுமுரடுக்கும் மெருகுக்கும் இடையிலானது அல்ல. ஒரே பாட்டைப் பற்றி ஒரே மனிதர் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த இரண்டு முடிவுகளுக்கு இடையிலானது. எது பிந்தியதோ அதுவே சிறந்தது என்ற கணக்கு இங்கே செல்லாது. எது முந்தியதோ அதுவே உண்மையானது என்ற ரசிக நம்பிக்கையும் அவ்வளவுதான்.

இதைத் தெளிவாகக் காட்டுவது ‘கேட்சர் இன் தி ரை’. பியானோ முன்னடத்திச் செல்லும் நடுத்தர வேகப் பாட்டு. மெட்டு இனிமையானது, பொருள் இருண்டது. சாலிஞ்சரின் நாவலையும், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜான் லெனனைச் சுட்டவனையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கசிந்த டெமோவில் கிதார் வாசித்திருப்பவர் குயீன் குழுவின் பிரையன் மே. சிறுவயதில் தந்தையோடு சேர்ந்து தன் கையாலேயே செய்த கிதாரை, பிளெக்ட்ரத்துக்குப் பதில் ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுகிறவர் அவர். நாணயத்தின் விளிம்பு தந்தியில் உரசும்போது சுரத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு சொரசொரப்பு பிறக்கும்; அதன் பிறகு ஒலி மனிதக் குரலைப்போல் நீளும். அந்த ஒலி இந்தப் பாட்டுக்கு என்றே அமைந்ததுபோல் இருக்கிறது. பாடல் பழைய ஆங்கில பாப் இசையின் வெளிச்சத்தைத் தேடிப் போகிறது, மே அந்த வெளிச்சத்திலேயே வளர்ந்தவர். பாட்டின் முடிவில் சொற்கள் தீர்ந்து வெறும் ஓசையாகக் கூட்டுக்குரல் எழும்போது அவருடைய கிதார் அதற்குப் பதில் சொல்கிறது.

ஆல்பத்தில் அந்தக் கிதார் இல்லை. மே வாசித்தது நீக்கப்பட்டு, குழுவின் கிதார் கலைஞர்கள் வாசித்தது அங்கே வந்தது. மே பின்னர் வெளிப்படையாகவே வருந்தினார். ரோஸின் பக்கத்து நியாயமும் புரியாததல்ல: விருந்தாளி ஒருவரின் கையொப்பம் இவ்வளவு பெரிதாக இருந்தால், புதிய குழு தன் முகத்தைக் காட்ட முடியாது. ஆனால் கேட்கிறவருக்கு வேண்டியது பாட்டு. ஆல்பத்து வாசிப்பில் திறமைக்குக் குறைவில்லை, சுரங்கள் வேகமாகவும் துல்லியமாகவும் விழுகின்றன. மெட்டோடு உரையாடுவதைவிட மெட்டின்மேல் ஓடுவது அதிகம். ரசிகர்களில் பெரும்பகுதியினர் டெமோவின் பக்கம் நிற்கும் பாட்டு இது. அவர்கள் நிற்குமிடம் சரியானது.

டிரம்ஸின் கதை இன்னும் விசித்திரமானது. முதலில் ஜாஷ் ஃப்ரீஸ் வாசித்துப் பதிந்தார். அவர் போனபின் வந்த பிரெய்ன், ஃப்ரீஸ் வாசித்ததை அடிக்கு அடி மாறாமல், ஆனால் தன் கைவாகில் மீண்டும் வாசிக்க வேண்டியிருந்தது. அதற்காக ஃப்ரீஸின் வாசிப்பு முழுவதும் இசைக்குறிப்பாக எழுதப்பட்டு அவர்முன் வைக்கப்பட்டதை அவரே பேட்டியில் விவரித்திருக்கிறார். பின்னால் 2006இல் சேர்ந்த ஃபிராங்க் ஃபெரரும் சில பாடல்களில் வாசித்தார். டெமோவில் துள்ளும் ஒரு பாட்டு ஆல்பத்தில் சற்றே எடைகூடிக் கேட்டால், கை மாறியிருக்கலாம் என்று தேர்ந்த செவி சந்தேகிப்பது இதனால்தான். எந்த அடி விழுகிறது என்பது எழுத்தில் அடங்கும். அது எத்தனை மயிரிழை முன்னும் பின்னும் விழுகிறது என்பது அடங்காது. மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிதார்களில் மாறுதல் வேறு விதம். பம்பிள்ஃபுட் என்று அறியப்படும் ரான் தால் 2006 மே மாதம் குழுவில் சேர்ந்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் கசிந்தவற்றில் அவர் இல்லை, ஆல்பத்தில் இருக்கிறார். ஃபிரெட் இல்லாத கிதாரில் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அவருடைய வாசிப்பு பல இடங்களில் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. ஃபிங்க், பக்கெட்ஹெட் ஆகியோரின் பழைய வாசிப்புகளும் அழியாமல் கீழே கிடக்கின்றன. ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடித்த பழைய வீட்டுச் சுவரைப்போல, ஒவ்வொரு பூச்சும் அடியிலிருப்பதை முழுதாக மறைக்காமல் மேலேறியிருக்கிறது. ‘தேர் வாஸ் எ டைம்’ பாட்டில் இது உச்சத்துக்குப் போகிறது. லூப், மெலட்ரான், தந்திவாத்தியங்கள், குரல்கள் என்று எல்லாம் கூடி நெருக்கும் அந்த இடத்தில், இறுதியில் பக்கெட்ஹெட்டின் நீண்ட சோலோ எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு எழுகிறது. இங்கே நெருக்கம் குறையல்ல. திணறல் இல்லாவிட்டால் அந்த விடுதலைக்கு அவ்வளவு வலு வராது. ஆல்பத்தின் சிகரம் இந்தப் பாட்டுதான்.

‘பெட்டர்’ பாட்டிலும் ஆல்பத்துக்கே வெற்றி. எலும்புக்கூடு டெமோவிலேயே முழுமை பெற்றுவிட்டது: மெலிந்த குரலில் தொடக்கம், பிறகு கனத்த ரிஃப், நடுவில் சீறும் சோலோ. ஆல்பம் அந்த வரிசையைத் தொடாமல், பகுதிக்கும் பகுதிக்கும் இடையிலான உயரத் தாழ்வை மட்டும் கூர்மையாக்கியது. ‘மடகாஸ்கர்’ 2001இல் ரியோவில் எந்த வடிவில் கேட்டதோ ஏறக்குறைய அதே வடிவில் ஆல்பத்துக்கு வந்தது. கொம்பு வாத்திய ஒலியும், மார்ட்டின் லூதர் கிங்கின் குரலும் திரைப்பட வசனங்களும் கலந்த நடுப்பகுதியும் அப்படியே. பல ஆண்டுகள் ‘தி புளூஸ்’ என்று அழைக்கப்பட்ட பாட்டு ‘ஸ்ட்ரீட் ஆஃப் டிரீம்ஸ்’ என்று பெயர் மாறியதும், அதன் பியானோவைச் சுற்றி ஆர்கெஸ்ட்ரா வளர்ந்ததும் பெரிய சர்ச்சைக்குரியவை அல்ல.

ஒப்பிடுகிறவர் எளிதில் ஏமாறும் இடம் ஒலி அளவு. இரண்டு பதிவுகளில் சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகவே தோன்றும். கசிந்த டெமோக்களோ சுருக்கப்பட்ட கோப்புகளாக, சில சமயம் வானொலியிலிருந்து பிடித்த பிரதிகளாகச் சுற்றியவை. ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தை மிக்ஸ் செய்த ஆண்டி வாலஸ். மாஸ்டரிங் செய்த பாப் லட்விக் மூன்று மாதிரிகளைக் கொடுத்ததாகவும், அவற்றில் ஏற்ற இறக்கத்தை நசுக்காத மாதிரியையே ரோஸும் இணைத் தயாரிப்பாளர் கராம் கோஸ்டான்ஸோவும் தேர்ந்தெடுத்ததாகவும் சொல்லியிருக்கிறார். அது துணிச்சலான முடிவு. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’, ஒலியை அளவுக்கு மீறி அழுத்தியதற்காகக் கண்டனம் பெற்றிருந்தது. ஆகவே ‘சைனீஸ் டெமாக்ரசி’ சோர்வாக ஒலிக்கிறது என்று முதல் கேட்பில் சொன்னவர்கள், ஒலிக் குமிழைச் சற்றே திருப்பியிருந்தால் வேறு தீர்ப்புக்கு வந்திருக்கக்கூடும். இரண்டு பதிவுகளின் உரப்பையும் காதால் சமன்செய்துகொண்ட பிறகுதான் ஒப்பீடு தொடங்க வேண்டும்.

இன்னொரு சாய்வு நினைவில் இருக்கிறது. ஈராண்டு தினமும் கேட்ட பதிவு செவியில் பாட்டாகவே பதிந்துவிடும். அதிலிருந்து விலகும் ஒவ்வொன்றும் பிழையாகக் கேட்கும். இதற்கு ஆல்பத்துக்குள்ளேயே ஓர் உரைகல் உண்டு. ‘திஸ் ஐ லவ்’, ‘சாரி’ போன்றவை முன்கூட்டியே கசியாதவை. ‘திஸ் ஐ லவ்’ தந்தி இசையும் பியானோவும் நிறைந்து வழியும் பாட்டு, ஆடம்பரத்தில் மற்ற எதற்கும் குறைந்ததல்ல. ஆனாலும் ஃபிங்கின் சோலோ வரும்போது யாருக்கும் எதுவும் தொலைந்துபோனதாகத் தோன்றுவதில்லை, ஏனென்றால் மனத்தில் முந்தைய பிரதி இல்லை. ‘மிகையாகத் தயாரிக்கப்பட்டது’ என்ற பொதுக் குற்றச்சாட்டைச் சுமத்துமுன் இந்தப் பாட்டை ஒருமுறை கேட்பது நியாயம்.

ஒப்பீடு 2008உடன் முடியவில்லை. 2016இல் ஸ்லாஷும் மெக்கேகனும் திரும்பி வந்தார்கள். 2019இல் 2000, 2001 ஆண்டுகளின் ஒலிப்பதிவு அமர்வுகள் குறுந்தகட்டுக் கணக்கில் கசிந்தன. 2021 ஆகஸ்டில் குழு வெளியிட்ட ‘அப்ஸர்ட்’, 2001இல் ‘சில்க்வார்ம்ஸ்’ என்ற பெயரில் மேடையில் ஒலித்த பாட்டு. அடுத்த மாதம் வந்த ‘ஹார்ட் ஸ்கூல்’ பாட்டும் அந்தக் காலத்து விதையே. இரண்டிலும் ஸ்லாஷின் கிதார் வந்து சேர்ந்தது. அவர் இல்லாத காலத்தில் உருவான பாட்டில் அவரைக் கேட்பது விந்தையான அனுபவம். ‘ஹார்ட் ஸ்கூல்’ இதனால் இறுகி, மெருகேறி, பழைய குழுவின் உடல்மொழியைப் பெற்றது. ‘சில்க்வார்ம்ஸ்’ பாட்டில் இருந்த மின்னணுப் பித்து ‘அப்ஸர்ட்’டில் சற்றே அடங்கியது இழப்புதான்.

கசிவு கலைஞனின் உரிமையை மீறியது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பதிவுகள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கானோர் காதில் இருக்கின்றன, அதுவும் தேய்ந்த ஒலியில், வாசித்தவர் பெயர்கூட உறுதியில்லாமல். பீச் பாய்ஸ் குழு 1967இல் கைவிட்ட ‘ஸ்மைல்’ ஆல்பத்தின் பதிவுகளும் பல்லாண்டுகள் திருட்டுப் பிரதிகளாகவே சுற்றின. 2011இல் நிறுவனமே அவற்றை ஒழுங்குபடுத்தி, நல்ல ஒலியில் வெளியிட்டது. ‘சைனீஸ் டெமாக்ரசி’ அமர்வுகளுக்கும் அதைச் செய்ய வேண்டும்: ஒவ்வொரு பதிவுக்கும் தேதியோடு, வாசித்தவர்கள் அனைவரின் பெயரோடு, பிரையன் மேயின் ‘கேட்சர் இன் தி ரை’யை முதல் பாட்டாக வைத்து.