பேய்க்குப் பெயர், இறந்தோருக்கு எண்: 'செஷன் 9' திரைப்படம் பற்றி ஒரு நோக்கு

பேய்க்கதையைப் பாமர நம்பிக்கையின் எச்சமென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், ஒரு சமுதாயம் வெளிப்படையாகப் பேச அஞ்சும் உண்மைகள் பல அச்சக்கதைகளில் உருமாறித் தோன்றுகின்றன என்பதை நாம் மறத்தலாகாது. பிறட் அன்டர்சனின் நெறியாள்கையில் 2001இல் வெளிவந்த 'செஷன் 9' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை இவ்வகையில் நோக்குதல் பயனுடையது.

படத்தின் களம் மசாசுசெட்ஸ் மாநிலத்து டன்வேர்ஸ் அரச மனநோய் வைத்தியசாலை. படப்பிடிப்பும் அங்கேயே நடைபெற்றது. காற்றும் ஒளியும் அமைதியும் மனநோயைத் தணிக்கும் என்ற நன்னோக்குடன் குன்றொன்றின்மீது எழுப்பப்பட்ட இவ்வைத்தியசாலை 1878இல் திறக்கப்பட்டது. சில நூறு நோயாளருக்கென அமைந்த அதில், 1930களின் இறுதியில் 2,000க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். இத்தகைய நிலையங்களுக்கு மாற்றாகச் சமூக மனநல நிலையங்களை அமைக்க வழிசெய்யும் சட்டத்தில் 1963இல் கெனடி ஒப்பமிட்டார். ஆயின், பழையன மூடப்பட்ட வேகத்திற் புதியன எழவில்லை. நோயாளர் பலர் தெருவையும் சிறையையும் அடைந்தனர். டன்வேர்ஸ் 1992இல் மூடப்பட்டது. கட்டடம் பாழாகுமுன்பே மனிதர் கைவிடப்பட்டனர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இப்பாழ்மனையுள் நுழைவோர் மந்திரவாதிகள் அல்லர். அஸ்பெஸ்டஸ் அகற்ற வந்த ஐவர். இரண்டு மூன்று வாரங்கள் வேண்டிய வேலையை ஒரே வாரத்தில் முடிப்பதாகக் கூறி, சிறு ஒப்பந்தகாரனான கோர்டன் அதனைப் பெறுகிறான். குறித்த நாளில் முடித்தால் 10,000 டொலர் மேலதிகக் கொடுப்பனவு உண்டு. வேலையாட்களுள் ஒருவனான மைக், மேரி ஹொப்ஸ் என்னும் நோயாளியிடம் மருத்துவர் நடத்திய உரையாடல்களின் ஒலிநாடாக்களைக் கண்டெடுக்கிறான். ஒன்பதாம் நாடாவிற் 'சைமன்' என்னும் கொடிய குரல் வெளிப்படுகிறது. கோர்டனோ மனைவியையும் குழந்தையையும் கொன்றவன். உடன் உழைப்போரையும் அவன் கொல்கிறான். பேயா, மனச்சிதைவா என்பதைப் படம் திட்டவட்டமாகக் கூறவில்லை.

அச்சத்தை உழைப்பின் நெருக்கடியிலிருந்து பிறப்பித்தமையே இப்படத்தின் வலிமை. கண்ணுக்குப் புலனாகாது நுரையீரலுட் புகுந்து, பல்லாண்டுகள் கழித்து உயிரைக் கவரும் அஸ்பெஸ்டஸ் நாரைவிடப் பொருத்தமான பேய் வேறுண்டோ? அவசர ஒப்பந்தம் ஒன்று மனிதரை எவ்வாறு அரித்தழிக்கிறது என்பதைப் படத்தின் முற்பகுதி நன்கு உணர்த்துகிறது.

ஆயின், முடிவிற் படம் தன் கண்டுபிடிப்பையே கைவிடுகிறது. நலிந்தோரிடம் குடிகொள்ளும் காலங்கடந்த தீமையே யாவற்றுக்கும் காரணம் என்ற எண்ணம் மேலோங்குகிறது. நோயுற்ற ஒரு பெண்ணின் குரல் அத்தீமையின் வாயிலாகிறது. இது குறியீடே எனச் சிலர் வாதிக்கலாம். குறியீடாயினும், மனநோயாளர் ஆபத்தானவர் என்ற பழைய தப்பெண்ணத்திலிருந்தே அது தன் ஆற்றலைப் பெறுகிறது என்பதை நாம் மறுக்க முடியாது.

வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. டன்வேர்ஸ் இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பட்ட நோயாளரின் கற்களில் எண்களே பொறிக்கப்பட்டிருந்தன. பின்னாளில், முன்னாள் நோயாளர்கள் முயன்று அவர்களின் பெயர்களைத் தேடிக் கண்டு நிலைநாட்டினர். வைத்தியசாலையின் பெரும்பகுதி 2006இல் இடிக்கப்பட, பழைய முகப்பைப் பேணி அவ்விடத்திற் குடியிருப்புகள் எழுந்தன.

படம் பேய்க்குப் பெயர் சூட்டியது. நோயாளரோ இறந்தோருக்குப் பெயரை மீட்டளித்தனர். அச்சக்கலை உண்மையில் எட்டவேண்டிய இடம் இரண்டாவதே என்பது நமது துணிபு.